பழைய பப்களின் பேய்க்கதைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்துக்குப் படிக்கவோ வேலைக்கோ போகிறவர்கள் என்றாவது ஒருநாள் ஒரு பழைய பப்புக்குள் நுழைந்து, அங்கே ஒரு பேய் இருப்பதாகக் கேள்விப்படாமல் திரும்புவதில்லை. ஊருக்கு வந்து அதைச் சொல்லும்போது கேள்விகளும் தொடங்கிவிடும். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை இங்கே பதில் எழுதியிருக்கிறேன். இந்தக் கதைகள்மேல் எனக்கு ரொம்பப் பிரியம். அதனால்தான் எது கதை, எது நடந்தது என்று பிரித்துப் பார்க்கவும் ஆசை.

பப், இன், டேவர்ன் எல்லாம் ஒன்றுதானா?

இன்று பேச்சில் எல்லாமே பப்தான். அந்தக் காலத்தில் அப்படியில்லை. இன் என்றால் நம் சத்திரம் மாதிரி: வழிப்போக்கருக்குச் சாப்பாடு, படுக்கை, அவருடைய குதிரைக்கு லாயம். டேவர்ன் ஒயின் விற்ற இடம். ஏல்ஹவுஸ் ஊர்க்காரர்கள் உட்கார்ந்து பீர் குடித்த சாதாரண வீடு. நான் சொல்லப்போகும் கதைகளில் பெரும்பாலானவை சத்திரங்களில் பிறந்தவை. 1840களில் ரயில் பரவும்வரை நீண்ட பயணம் என்றால் குதிரை வண்டிதான். வழியில் குதிரையை மாற்ற வேண்டும், ராத்திரி எங்காவது தங்கியாக வேண்டும்.

ஏன் பப்களில் மட்டும் இத்தனை பேய்கள்?

"குடித்தவன் கண்ணுக்கு எல்லாம் தெரியும்" என்று சிலர் முடித்துவிடுவார்கள். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. பப்களில் உண்மையாகவே பிணங்கள் கிடந்தன.

யாராவது திடீரென்று, சந்தேகப்படும்படியாக இறந்தால், இங்கிலாந்தில் கொரோனர் என்ற அதிகாரி ஜூரியைக் கூட்டி மரண விசாரணை நடத்துவார். ஜூரி உறுப்பினர்கள் பிணத்தை நேரில் பார்த்தாக வேண்டும் என்ற விதி 1926 வரை இருந்தது. சிற்றூரில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்காரும்படி பெரிய அறை வேறு எங்கே இருக்கும்? பப்பில்தான். ஆற்றில் மிதந்த உடல், வண்டி கவிழ்ந்து இறந்தவர், கொலையுண்டவர் என்று எல்லாரும் பப்பின் பின்கட்டுக்கோ கொட்டகைக்கோ வந்து சேர்ந்தார்கள். சவக்கிடங்குகள் பரவலானது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். வேறு இடம் இருக்கும்போது மதுக்கடைகளில் விசாரணை நடத்தக் கூடாது என்று சட்டம் வந்தது 1902-இல்.

ஓர் எடுத்துக்காட்டு. சஃபோக் பகுதியில் போல்ஸ்டெட் என்ற கிராமம். 1827-இல் மரியா மார்ட்டன் என்ற இளம்பெண், காதலன் வில்லியம் கோர்டரைச் சந்திக்க ஒரு களஞ்சியத்துக்குப் போனாள். அதன்பிறகு அவளை யாரும் பார்க்கவில்லை. அவள் அந்தக் களஞ்சியத்தில் புதைக்கப்பட்டிருப்பதாகக் கனவு கண்டேன் என்று அவளுடைய சிற்றன்னை சொல்ல, 1828 ஏப்ரலில் தந்தை போய்த் தோண்டிப் பார்த்தார். உடல் இருந்தது. மரண விசாரணை நடந்தது ஊரிலிருந்த காக் இன்னில். கோர்டரை அந்த ஆகஸ்டில் தூக்கிலிட்டார்கள். காக் இன் இன்றும் நிற்கிறது.

இப்படி ஒரு விசாரணையைப் பார்த்த அறையில் மறுவாரமே ஊர்க்காரர்கள் பீர் குடித்தார்கள். பேச்சு வேறெங்கே போகும்?

லண்டனில் பேயின் சூதாட்டக் கடனை அடைக்கக் கூரையில் பணம் ஒட்டுகிறார்களாமே?

ஆமாம். பெல்கிரேவியா பகுதியில், வில்டன் ரோ என்ற சின்னச் சந்துக்குள் இருக்கும் கிரெனடியர் பப் அது. 1720-இல் காலாட்படை அதிகாரிகளின் உணவுக்கூடமாகக் கட்டப்பட்டு, 1818-இல் பப்பாக மாறியது. இளம் சிப்பாய் ஒருவன் சீட்டாட்டத்தில் ஏமாற்றிப் பிடிபட்டானாம். கூட ஆடியவர்கள் அடித்த அடியில் செத்தே போனானாம். செப்டம்பர் மாதத்தில் அவன் நடமாட்டம் அதிகம் என்பார்கள். வருகிறவர்கள் நோட்டில் தங்கள் பெயரை எழுதிக் கூரையில் ஒட்டுகிறார்கள். பல நாட்டுப் பணம் தொங்குகிறது.

அவனை செட்ரிக் என்று கூப்பிடுகிறார்கள். ஆனால் கதையில் குடும்பப் பெயர் கிடையாது, ஆண்டு கிடையாது, அவன் எந்தப் படைப்பிரிவுச் சிப்பாய் என்பதும் கிடையாது. நடந்த சம்பவத்தில் இவற்றில் ஒன்றாவது ஒட்டிக்கொண்டிருக்கும். இருந்தாலும், முகம் தெரியாத ஒருவனின் கடனைத் தீர்க்க அயலூர்க்காரர்கள் பணம் வைத்துவிட்டுப் போவது எனக்குப் பிடித்திருக்கிறது.

ஜமைக்கா இன் என்ற பெயர் எப்படி வந்தது? அங்கே என்ன கதை?

கார்ன்வாலில் பாட்மின் என்ற பொட்டல் மேட்டின் நடுவே, 1750-இல் கட்டப்பட்ட வண்டிச் சத்திரம் அது. ஜமைக்காவிலிருந்து கடத்தி வந்த ரம்மால் வந்த பெயர் என்று பலர் சொல்வார்கள். அதைவிட நம்பத்தக்க விளக்கம் உண்டு. அந்த வட்டாரத்து நிலக்கிழார்களான ட்ரெலானி குடும்பத்தில் இருவர் 18-ஆம் நூற்றாண்டில் ஜமைக்காவின் ஆளுநர்களாக இருந்தார்கள்.

கதை இது. ஒருவன் பீர் குடித்துக்கொண்டிருந்தான். யாரோ வெளியே கூப்பிட்டார்கள். பாதிக் கோப்பையை வைத்துவிட்டுப் போனவன் திரும்பவில்லை. மறுநாள் காலையில் பொட்டலில் பிணமாகக் கிடந்தான். விட்டுப்போன பீரைக் குடித்து முடிக்க இன்னும் வருகிறான் என்கிறார்கள்.

1930-இல் எழுத்தாளர் டாஃப்னி டு மோரியே தோழியோடு இங்கே தங்கினார். குதிரையில் பொட்டலைச் சுற்றப் போனவர்கள் பாதை தவறிவிட்டார்கள். கடைசியில் குதிரைகளே சத்திரத்துக்கு வழி கண்டுபிடித்து வந்தன. அந்தச் சத்திரத்தின் பெயரிலேயே அவர் எழுதிய நாவல் 1936-இல் வந்தது. இன்று அங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் அந்த நாவலைத் தேடித்தான் வருகிறார்கள். அவர் தங்கிய நாட்களில் அது மதுவிலக்கு விடுதி என்பது பலருக்குத் தெரியாது. கடத்தல்காரர்கள் குடித்துக் கும்மாளமிட்ட இடம் என்று உலகம் முழுக்கப் பெயர் வாங்கிய சத்திரத்தில் அப்போது ஒரு சொட்டுச் சாராயம் விற்கவில்லை.

கடத்தல்காரர்களே பேய்க்கதைகளைப் பரப்பினார்களா?

ராத்திரி யாரும் வெளியே எட்டிப் பார்க்கக் கூடாது என்பதற்காகப் பரப்பினார்கள் என்று எல்லாக் கடலோர ஊரிலும் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் ஜனங்கள் வாயை மூடிக்கொண்டிருந்ததற்குப் பேய் காரணமில்லை. மனிதர்கள்தான் காரணம்.

சஸெக்ஸ் கரையில் ரை என்ற அழகான ஊர். அங்கே மெர்மெய்ட் இன். நிலவறை 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, மேல்கட்டிடம் 1420-இல் திரும்பக் கட்டியது என்று சொல்கிறார்கள். 1730, 40களில் ஹாக்ஹர்ஸ்ட் கும்பல் இங்கே உட்கார்ந்து, குண்டு போட்ட துப்பாக்கிகளை மேசைமேல் வைத்துக்கொண்டே குடித்தது. ஊர் அதிகாரிகள் கண்டும் காணாமல் இருந்தார்கள். இப்போது அந்த அறைகளில் வாள்சண்டை போடும் ஆவிகள் வருவதாகக் கதை.

அந்தக் கும்பல் கடத்தியவற்றில் முக்கியமானது தேயிலை. வரி அவ்வளவு கடுமை. 1747-இல் கும்பலுக்கு வர வேண்டிய ஏறக்குறைய 2 டன் தேயிலையைச் சுங்கத்துறை பிடித்து, பூல் துறைமுகக் கிடங்கில் பூட்டியது. அக்டோபரில் ஆயுதங்களோடு போய்க் கிடங்கை உடைத்து அள்ளிக்கொண்டு வந்தார்கள். வழியில் ஃபோர்டிங்பிரிட்ஜ் என்ற ஊரில் ஜனங்கள் தெருவில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். கூட்டத்தில் நின்ற டேனியல் சேட்டர் என்ற செருப்புத் தொழிலாளி, குதிரையில் போன ஒருவனை அடையாளம் கண்டு பேசினார். அவன் ஒரு சின்னப் பை தேயிலையை அவரிடம் வீசிவிட்டுப் போனான். அந்தப் பைதான் அவருக்கு எமனாக வந்தது.

செய்தி பரவியது. சாட்சி சொல்ல 1748 பிப்ரவரியில் சேட்டரை அழைத்துக்கொண்டு, வில்லியம் கேலி என்ற வயதான சுங்க ஊழியர் புறப்பட்டார். ரோலண்ட்ஸ் காசில் என்ற ஊரில் வைட் ஹார்ட் சத்திரத்தில் இளைப்பாற நின்றார்கள். சத்திரக்காரப் பெண்மணி சந்தேகப்பட்டுக் கடத்தல்காரர்களுக்கு ஆள் அனுப்பினாள். வந்தவர்கள் இருவருக்கும் ஊற்றிக் கொடுத்துத் தூங்கவைத்து, பையிலிருந்த கடிதத்தைப் படித்துவிட்டார்கள். அப்புறம் நடந்ததை முழுவதும் எழுத மனம் வரவில்லை. இருவரையும் ஒரே குதிரையில் கட்டி, மைல் கணக்கில் சவுக்கால் அடித்துக்கொண்டே போனார்கள். ரேக் என்ற ஊரில் ரெட் லயன் சத்திரத்துக்காரரை நடு ராத்திரியில் எழுப்பினார்கள். கேலியைப் பக்கத்தில் புதைத்தார்கள். பின்னால் தோண்டியபோது கைகள் முகத்தை மறைத்தபடி இருந்ததால், அவர் உயிரோடு புதைக்கப்பட்டார் என்றே பலரும் நம்பினார்கள். சேட்டரைச் சங்கிலியில் கட்டிவைத்திருந்து, பிறகு ஒரு பாழுங்கிணற்றில் தள்ளி மேலே கல்லைப் போட்டார்கள்.

1749 ஜனவரியில் சிச்செஸ்டர் நகரில் சிறப்பு நீதிமன்றம் கூடியது. ஏழு பேருக்கு மரணதண்டனை. ஒருவன் தூக்குக்கு முன்பே சிறையில் செத்துவிட்டான். ஆனால் தேயிலைக் கடத்தலை ஒழித்தது தூக்குக்கயிறு இல்லை. 1784-இல் அரசு தேயிலை வரியை 119 சதவீதத்திலிருந்து 12.5 சதவீதமாகக் குறைத்தது. கடத்துவதில் லாபம் போனது, தொழிலும் படுத்தது.

மெர்மெய்டில் பேய் பார்த்தேன் என்று யாராவது சொன்னால் நான் ஆர்வமாகக் கேட்பேன். ஆனால் கேலியையும் சேட்டரையும் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு வாள்சண்டை ஆவிகள் பெரிதாகத் தெரியவில்லை.

டிக் டர்பின் எத்தனை பப்களில்தான் தங்கினான்?

டர்பின் 18-ஆம் நூற்றாண்டின் பேர்போன வழிப்பறிக்காரன். வடக்கு லண்டனிலிருந்து யார்க் வரை பெருவழியோரம் பாதிப் பப்கள் "டர்பின் இங்கே ஒளிந்திருந்தான்" என்கின்றன. ஹாம்ஸ்டெட்டில் 16-ஆம் நூற்றாண்டுப் பழமை சொல்லும் ஸ்பேனியர்ட்ஸ் இன், அவன் பிறந்ததே இங்கேதான் என்றுகூடச் சொல்லிக்கொண்டது. அவன் சத்திரத்தில் பிறந்தவன் என்பது சரி. ஆனால் அது எஸ்ஸெக்ஸில் ஹெம்ப்ஸ்டெட் என்ற கிராமத்தில், அவன் அப்பா நடத்திய புளூ பெல் இன். ஆண்டு 1705. ஹாம்ஸ்டெட், ஹெம்ப்ஸ்டெட்: பெயர்கள் இரண்டும் காதில் ஒன்றுபோல விழுவதும் குழப்பத்துக்கு உதவியிருக்கும்.

கறுப்புக் குதிரை பிளாக் பெஸ்மேல் ஒரே மூச்சில் லண்டனிலிருந்து யார்க் போனான் என்பது 1834-இல் வில்லியம் ஹாரிசன் எய்ன்ஸ்வொர்த்தின் நாவல் பரப்பியது. அதற்கு முன்பே 1676-இல் ஜான் நெவிசன் என்ற வேறொரு வழிப்பறிக்காரன்மேல் அதே சவாரிக் கதை இருந்தது. நாவல் வந்த பிறகு டர்பினின் ஆவியும் குதிரைக் குளம்பொலியும் பல சத்திரங்களில் கேட்கத் தொடங்கின.

அவன் பிடிபட்ட உண்மைக் கதை இதைவிட நல்ல கதை. ஜான் பாமர் என்ற பொய்ப்பெயரில் யார்க்‌ஷரில் இருந்தவன், தெருவில் ஒரு சேவலைச் சுட்டுத் தகராறாகிச் சிறைக்குப் போனான். சிறையிலிருந்து சொந்த ஊரில் மைத்துனனுக்குக் கடிதம் எழுதினான். அந்தக் காலத்தில் தபால் கூலியைப் பெறுகிறவர்தான் தர வேண்டும். மைத்துனன் வாங்க மறுத்துவிட்டான். தபால் நிலையத்துக்குத் திரும்பிய கடிதத்தின் கையெழுத்தை ஜேம்ஸ் ஸ்மித் என்பவர் பார்த்தார். சின்ன வயதில் டர்பினுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்! 1739 ஏப்ரல் 7 அன்று யார்க்கில் தூக்கு.

60 விருந்தாளிகளைக் கொன்ற சத்திரம் உண்மையா?

ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் பக்கத்தில், கோல்ன்புருக் என்ற ஊரில் உள்ள ஆஸ்ட்ரிச் இன் பற்றிய கதை. சத்திரக்காரன் ஜார்மன், பணக்கார வியாபாரி தங்க வந்தால் மனைவியிடம் "கொழுத்த பன்றி ஒன்று வந்திருக்கிறது, வேண்டுமா?" என்பானாம். அவர்களுடைய நல்ல அறையில் கட்டிலைத் தரைப்பலகையோடு ஆணியடித்திருக்கும். நள்ளிரவில் தாழ்ப்பாளை இழுத்தால் பலகை கீழே திறக்கும், தூங்குகிறவர் தலைகுப்புறக் கொதிக்கும் கொப்பரையில் விழுவார். அறுபதாவது ஆளாக வந்தவர் தாமஸ் கோல் என்ற துணி வியாபாரி. அவருடைய குதிரை அவிழ்த்துக்கொண்டு தெருவில் நிற்கவே குட்டு வெளிப்பட்டது.

இந்தக் கதை சுமார் 1600-இல் தாமஸ் டெலோனி எழுதிய ஒரு கற்பனைக் கதையில் வருகிறது. அதில் சத்திரத்தின் பெயர் ஆஸ்ட்ரிச்சே இல்லை, கிரேன். கோல் சாகும் இரவில் ஆந்தை அலறுகிறது, சன்னலோரம் அண்டங்காக்கை கரைகிறது. நம் பாட்டிமார் சொல்லும் கதையிலும் சாவுக்கு முன் ஆந்தை அலறும். கோலின் உடலைப் போட்ட ஆறு என்பதால் கோல்ன்புருக் என்று பெயருக்கும் ஒரு விளக்கம் சொல்லிவிட்டார்கள். கோல்ன் என்பது அங்கே ஓடும் ஆற்றின் பெயர், அவ்வளவுதான். பேய் நாட்டத்தில் போகிறவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். எனக்கு நேர்மாறு. 400 ஆண்டுகளுக்கு முன் ஒருவர் எழுதிய கதை காகிதத்திலிருந்து இறங்கி, ஒரு கட்டிடத்தில் குடியேறி, இன்னும் அங்கேயே வாழ்கிறது.

உட்கார்ந்தால் சாவு வரும் நாற்காலி?

யார்க்‌ஷரில் தர்ஸ்க் அருகே பஸ்பி ஸ்டூப் இன்னில் இருந்தது. தாமஸ் பஸ்பி தன் மாமனாரைக் கொன்றதற்காக 1702-இல் தூக்கிலிடப்பட்டான். தன் நாற்காலியில் உட்காருகிறவன் சாவான் என்று சபித்துவிட்டுப் போனானாம். இரண்டாம் உலகப் போரில், பக்கத்து விமானத்தளத்து இளைஞர்கள் பந்தயம் கட்டி அதில் உட்கார்ந்து, திரும்பி வராமலே போனார்கள் என்பது கதையின் பெரிய சாட்சி.

இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். பிரிட்டனின் குண்டுவீச்சு விமானப் படையில் பறந்த சுமார் 1,25,000 பேரில் 55,573 பேர் இறந்தார்கள். அந்தப் பப்பில் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் கிட்டத்தட்டப் பாதிப் பேர் திரும்பியிருக்க மாட்டார்கள். இருபது வயதுப் பிள்ளைகள். அவர்களை இழந்த ஊர், காரணத்தை ஒரு நாற்காலிமேல் போட்டுக்கொண்டதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது.

1978-இல் நாற்காலியைத் தர்ஸ்க் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். யாரும் உட்காரக் கூடாது என்ற நிபந்தனையால் சுவரில் உயரமாக மாட்டியிருக்கிறார்கள். பிறகு ஒரு மரச்சாமான் ஆய்வாளர் பார்த்து, அதன் கம்பிகள் இயந்திரத்தில் கடைந்தவை, நாற்காலி சுமார் 1840-ஐச் சேர்ந்தது என்றார். பஸ்பி செத்து 138 ஆண்டுகள் கழித்து! அந்தப் பப்பும் மூடப்பட்டு, பின்னால் இந்திய உணவகமாக மாறியது.

இதே வகையில் நாட்டிங்ஹாமின் டிரிப் டு ஜெருசலேம் பப்பில் ஒரு பொம்மைக் கப்பல் உண்டு. துடைத்தவர்கள் மூவர் இறந்தார்களாம், அதனால் தூசியோடே விட்டுவைத்திருக்கிறார்கள். பரி செயின்ட் எட்மண்ட்ஸில் நட்ஷெல் என்ற குட்டிப் பப்பின் கூரையில் உலர்ந்த பூனை ஒன்று தொங்குகிறது, தொடக் கூடாது. பழைய கட்டிடங்களைச் சரிசெய்யும்போது சுவருக்குள் பூனையும் ஒற்றைச் செருப்பும் கிடைப்பது அந்த நாட்டில் உண்மையாகவே வழக்கம். தீயதை விரட்ட வைத்தவை என்று கருதுகிறார்கள். திருஷ்டிப் பூசணி கட்டுகிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பலகையில் போட்டிருக்கும் ஆண்டுகளை நம்பலாமா?

யோசித்துத்தான். டிரிப் டு ஜெருசலேம் சுவரில் 1189 என்று இருக்கிறது. கட்டிடம் 17-ஆம் நூற்றாண்டு. பின்னால் இருக்கும் மணற்பாறைக் குகைகள் அதைவிடப் பழையவை. வேல்ஸில் ஸ்கிரிட் இன் 1110 என்கிறது. 180 பேரை உள்ளேயே தூக்கிலிட்டார்கள் என்று மாடிப்படி உத்தரத்தைக் காட்டுவார்கள். அந்தக் கட்டிடமும் 17-ஆம் நூற்றாண்டுதான். கட்டிடத்தின் வயது வேறு, தொழிலின் வயது வேறு, பெயரின் வயது வேறு, கதையின் வயது வேறு. நான்கையும் தனித்தனியாகக் கேளுங்கள். கதை முதன்முதலில் எப்போது அச்சில் வந்தது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

சில்லிட்டது, யாரோ நிற்பதுபோல் இருந்தது என்கிறார்களே?

பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. பப்பின் நிலவறையில் பீர் பீப்பாய்களை 11 முதல் 13 டிகிரி செல்சியஸில் வைப்பார்கள். கணப்பு எரியும் அறையிலிருந்து அந்தப் படிக்கட்டைக் கடந்தாலே உடம்பு சிலிர்க்கும். மரச்சட்டம் போட்ட கட்டிடம் ராத்திரி குளிரும்போது முனகும்.

காவன்ட்ரி பல்கலைக்கழகத்தில் விக் டாண்டி என்ற பொறியாளர் 1998-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். முன்பு வேலை பார்த்த ஓர் ஆய்வகத்தில் அவர் ஓரக்கண்ணில் சாம்பல் உருவம் ஒன்றைப் பார்த்து வியர்த்துப்போனார். மறுநாள் இடுக்கியில் மாட்டிய வாள்பயிற்சிக் கத்தி தானாக அதிர்வதைக் கண்டார். புதிதாகப் பொருத்திய மின்விசிறி, காதுக்குக் கேட்காத சுமார் 19 ஹெர்ட்ஸ் அதிர்வை எழுப்பிக்கொண்டிருந்தது. விசிறியைச் சரிசெய்ததும் உருவம் வரவில்லை. எல்லாப் பேய்க்கும் இது பதிலாகாது. ஒரு பேய்க்குப் பதில் கிடைத்தது.

குடிக்காதவர்கள் போகலாமா? குழந்தைகளை அழைத்துப் போகலாமா?

தாராளமாக. பெரும்பாலான பப்களில் சாப்பாடு உண்டு, குளிர்பானம் உண்டு, யாரும் தப்பாகப் பார்க்க மாட்டார்கள். பல இடங்களில் கவுன்டரில் போய்ச் சொல்லிப் பணம் கட்டிவிட்டு உட்கார வேண்டும். பெரியவர்களோடு வரும் பிள்ளைகளைப் பல பப்கள் அனுமதிக்கின்றன, ராத்திரி நேர விதி இடத்துக்கு இடம் மாறும். கூட்டமில்லாத மதிய நேரத்தில் போய்ப் பணியாளரிடம் கதையைக் கேளுங்கள். நன்றாகச் சொல்வார்கள்.

ஒரே ஒரு இடத்துக்குப் போக நேரம் இருந்தால்?

ரை. லண்டனிலிருந்து ஆஷ்ஃபோர்ட் வழியாக ரயிலில் போகலாம். மெர்மெய்ட் தெருவின் கூழாங்கல் பாதையில் சாயங்காலம் ஏறிப் போய், சத்திரத்தின் கணப்பருகே உட்காருங்கள். இன்னொரு நாள் கிடைத்தால் சிச்செஸ்டரில் பிராய்ல் சாலைக்குப் போங்கள். அங்கே 1749-இல் நட்ட ஒரு கல் இருக்கிறது. கொலையாளிகளுக்கு எச்சரிக்கையாக நட்டது. அதில் வில்லியம் கேலி பெயரும் டேனியல் சேட்டர் பெயரும் வெட்டப்பட்டிருக்கின்றன.